ஒருவர் மட்டும் ஏறும் கூடை

உட்காருங்கள். நானும் களைத்துத்தான் இருக்கிறேன், நீங்களும் களைத்துத்தான் வந்திருக்கிறீர்கள். கதையும் களைத்துப்போன ஒருவனுடையதுதான். அதனால் மெதுவாகவே போவோம்.

வெகு காலத்துக்கு முன்னே, ஏரியை நம்பிப் பிழைத்த ஓர் ஊரில் மூக்காண்டி என்று ஒருவன் இருந்தான். அடைமழை பெய்து ஏரி நிரம்பினால், தண்ணீருக்குள் மூழ்கி மடையைத் திறந்துவிட வேண்டும். அதுதான் அவன் வேலை. அவனை நம்பித்தான் ஊர் கண்ணை மூடித் தூங்கியது.

ஓர் ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மூக்காண்டி கள்ளைக் குடித்துவிட்டுச் சுருண்டு கிடந்தான். மடை திறக்கவில்லை, கரை உடைந்தது, கீழத்தெரு வீடு வாசலோடு அடித்துக்கொண்டு போனது. பேச்சி என்பவளின் இரண்டு பிள்ளைகளும் அந்த வெள்ளத்தில் போனார்கள்.

தெளிந்து எழுந்த மூக்காண்டி ஓட்டம் பிடித்தான். அரிவாளோடு ஊர் பின்னால் வந்தது. எல்லோருக்கும் முன்னால் பேச்சி வந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கும் வரக் கூடாது.

அந்த நாட்டில் ஒரு மலைக்கோட்டை இருந்தது. அதற்குப் படி கிடையாது, பாதை கிடையாது, வாசலும் கிடையாது. அடிவாரத்தில் நின்று கூப்பிட்டால் மேலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கி வரும். ஒருவர் மட்டும் அதில் ஏறலாம். எப்பேர்ப்பட்ட பாதகனானாலும் சரி, மேலே போய்விட்டவனை யாரும் தொட முடியாது. அந்தக் கயிற்றை இழுக்கும் வேலையை ராஜா ஆட்களிடம் விடவில்லை. அவரும் அவருடைய ஒரே மகனும்தான் இழுத்தார்கள்.

மூக்காண்டி கூப்பிட்டான். கூடை இறங்கியது.

"ஏறுப்பா" என்றார் ராஜா மேலிருந்து.

"ஐயா, நான் என்ன கொண்டு வரணும்?"

"ஒண்ணும் வேண்டாம். ஏறு."

அங்கேதான் அவன் புத்தி கோணியது. சும்மா கொடுப்பவன் பின்னால் ஏதாவது கேட்பான் என்பதே அவன் கண்ட உலகம். அதுவும் போக, இவ்வளவு பெரிய பாவத்தைச் செய்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு ஏறிப் போக அவன் மனசு கேட்கவில்லை.

"ஒரு தகுதியோட வர்றேன் ஐயா" என்று சொல்லிவிட்டு, துரத்தி வந்தவர்கள் கண்ணில் படாமல் காட்டுக்குள் போய்விட்டான். கூடை வெறுமனே மேலே போயிற்று.

எங்கோ ஒரு தூரத்து ஊரில் உடைந்த கரைக்கு மண் சுமந்தான். கூலி வாங்கவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து, ஆறி, மறுபடியும் உரிந்தது. கரை உயர்ந்த பிறகு திரும்பி வந்து, கைகளைத் தூக்கிக் காட்டினான்.

"பார்த்தேன்பா. ஏறு" என்றார் ராஜா.

காலை எடுத்துக் கூடைக்குள் வைக்கப் போனவனுக்குப் பேச்சியின் பிள்ளைகள் நினைப்பு வந்தது. இந்த மண்ணா அந்தப் பிள்ளைகளுக்கு ஈடு? காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு திரும்பிப் போனான்.

பிறகு பட்டினி கிடந்தான். கிடைத்த கஞ்சியையெல்லாம் வழிப்போக்கர்களுக்கு ஊற்றிவிட்டுத் தான் பச்சைத் தண்ணீர் குடித்தான். எலும்பும் தாடியுமாக, காற்றடித்தால் விழுகிற நிலையில் வந்து நின்றான்.

"ஏறுப்பா. முதல்ல வந்து சாப்பிடு."

மூக்காண்டி யோசித்தான். கஞ்சி ஊற்றும்போதெல்லாம் யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தது அவனுக்குத் தெரியும். சீ, இதுவும் கெட்டுப்போயிற்று என்று தன்னையே காறித் துப்பிவிட்டு மறுபடியும் போனான்.

கடைசியில் தன் ஊருக்கே போனான். கரையோடு உடைந்துபோன மடையிலிருந்து பெயர்ந்து கிடந்த கல்லை முதுகில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டான். சாகும்வரை இதைச் சுமப்பதுதான் தனக்குத் தகுதி என்று முடிவு செய்துவிட்டான். அவன் முகம் ஊருக்கு மறந்து போயிருந்தது. ஆனால் அந்த மடைக்கல் யாருக்கு மறக்கும்? தொலைவில் கல் நகர்ந்து போவதைப் பேச்சி பார்த்துவிட்டாள், சுமப்பவன் மூக்காண்டிதான் என்று தெரிந்துகொண்டாள். ஊர் மறுபடியும் அரிவாளை எடுத்தது.

நாக்குத் தள்ள அடிவாரத்துக்கு வந்து, கல்லோடு கூடையில் உட்கார்ந்தான். கயிறு விறைத்தது. கூடை அசையவில்லை.

"கல்லை இறக்குப்பா."

"இதை இறக்கிட்டா என்கிட்ட என்ன இருக்கு ஐயா? வெறுங்கையோட எப்படி வருவேன்?"

"வெறுங்கையோடதான் வரணும்."

தூரத்தில் புழுதி தெரிந்தது. அப்போதுதான் உயிர்ப்பயம் வந்து முடிச்சைத் தேடினான். வியர்வையில் ஊறி இறுகிய முடிச்சு. விரல்களில் பலம் இல்லை. இழுத்த இழுப்பில் கல்லோடு கூடையிலிருந்து சரிந்து மண்ணில் விழுந்தான்.

"என்னால முடியலை ஐயா" என்றான். இத்தனை காலத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான்.

கூடை மேலே போயிற்று. சரி, ராஜாவும் கைவிட்டுவிட்டார் என்று கண்ணை மூடிக்கொண்டான். பாவம், அவனுக்கு வேறு என்ன தோன்றும்?

கூடை திரும்பி வந்தது. அதில் ராஜாவின் மகன் இருந்தான். வந்தவன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். மூக்காண்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக் கூடையில் வைத்தான்.

"நீங்க எப்படி வருவீங்க சாமி?"

"இதுல ஒருத்தர்தான் ஏறலாம்" என்றான் மகன்.

கூடை எழும்பியது. கீழே மகன் அந்த மடைக்கல்லைத் தன் முதுகில் கட்டிக்கொண்டு புழுதியை நோக்கி நடந்தான். ஊர் கல்லைத்தான் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை. நான் அவன் இல்லை என்று அவன் சொல்லவும் இல்லை. மேலே போய்க்கொண்டிருந்த மூக்காண்டி, "ஐயோ, நான் இங்க இருக்கேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அரிவாள் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

மேலே ராஜா தனியாகக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கீழே நடந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கயிற்றை விட்டுவிட்டு மகனைப் பார்த்துக் கதறியிருக்கலாம். விடவில்லை. அவர் உள்ளங்கை கிழிந்து இரத்தம் வடிந்தது.

மாண்ட மகன் உயிரோடு எழுந்து வந்தான் என்பது நம்முடைய விசுவாசம். அன்று மூக்காண்டிக்கு அது தெரியாது. அவன் ராஜாவின் காலில் விழுந்து, "நான் என்ன செஞ்சு இதுக்கு ஈடு கட்டுவேன்?" என்று அழுதான்.

ராஜா அவனைத் தூக்கி உட்கார வைத்து, முன்னால் இலையைப் போட்டார்.

"ஈடு கட்ட முடியாதுப்பா. ரொம்பக் களைச்சுப் போயிட்ட. சாப்பிடு."

மூக்காண்டி தன் கைகளைப் பார்த்தான். அவற்றில் ஒன்றுமே இல்லை. அழுதுகொண்டே அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான்.

மீட்பு என்பது நாம் பாடுபட்டுச் சம்பாதிப்பது அல்ல, எந்தத் தகுதியும் இல்லாத நமக்குத் தேவன் தம் மகனையே கொடுத்து இலவசமாகத் தருகிற கிருபை.