வராத ஏழு

"அம்மா, நான் ஊருக்குப் போகிறேன். கணக்கு என் தலையில் ஏறாது" என்றார் சேந்தன், ஆசிரியையிடம். மூட்டை கையிலேயே இருந்தது.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, ஆசைப்பட்ட படிப்பைப் படிக்க மலையடிவாரத்துக் கணிதச் சாலைக்கு வந்தவர். ஆசிரியை உமையாள் அவரைவிட இளையவர்.

உமையாள் கொடுத்திருந்த கேள்வி ஒன்றுதான். 3 சைன் θ + 4 கோசைன் θ அதிகபட்சம் எவ்வளவு?

சைன் ஒன்றுக்கு மேல் போகாது. கோசைனும் அப்படித்தான். மூன்றும் நான்கும் ஏழு. அது நொடியில் வந்துவிட்டது. எந்தக் கோணத்தில் ஏழு வரும் என்பதுதான் பிடிபடவில்லை.

மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு கோணமாகப் போட்டுப் பார்த்தார். கூடப் படிப்பவர்கள் அவருக்கு 'ஏழார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். குறை தன்னிடம்தான் என்று அவரும் முடிவு கட்டிவிட்டார்.

உமையாள் மூட்டையைப் பார்த்தார்.

"வந்த புதிதில் ஒரு முற்றொருமையை நிரூபித்தீர்களே, அது எங்கே?"

"அழித்துவிட்டேன்."

அங்கே அதுதான் வழக்கம். எந்தக் கோணத்துக்கும் இரு பக்கமும் சமம் என்று மணலில் எழுதி நிரூபித்ததும், கையால் தடவி அழித்துவிட வேண்டும். சேந்தன் அன்று பெருமையோடு அழித்தார். அதோடு அதை மறந்தும் போனார்.

"மறுபடி எழுதுங்கள்."

குனிந்து எழுதினார்.

(3 சைன் θ + 4 கோசைன் θ)² + (3 கோசைன் θ − 4 சைன் θ)² = 25

உமையாள் இரண்டாவது அடைப்புக்குறியின் மேல் விரலை வைத்தார்.

"இது எவ்வளவு சிறிதாகலாம்?"

"வர்க்கமாயிற்றே. சுழிக்குக் கீழே போகாது."

"அப்போது பக்கத்தில் இருப்பது?"

"இருபத்தைந்து." சேந்தனின் விரல் மணலிலேயே நின்றது. "அதற்கு மேல் இடமே இல்லை. அப்படியானால், வர்க்கத்துக்குள் இருப்பது ஐந்துதான்."

அவர் தலையில் தட்டிக்கொண்டார்.

"சைன் ஏறினால் கோசைன் இறங்கும். எனக்கு அது தெரியும், அம்மா. தெரிந்தும் இரண்டு உச்சியையும் கூட்டிக்கொண்டிருந்தேன்."

"ஐந்தை நீங்கள் பார்த்ததே இல்லையா?"

"பார்த்தேன். முப்பத்தேழு பாகையை நெருங்கும்போது வந்தது. இன்னும் இரண்டு குறைகிறதே என்று அழுதுகொண்டே அழித்தேன்."

"உச்சியில் நின்றுகொண்டா அழுதீர்கள்?"

சேந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

வாசலில் யாரோ குரல் கொடுத்தார்கள். "என்ன ஏழாரே, கிளம்பியாயிற்றா?"

"ஐந்தார்" என்றார் சேந்தன், மூட்டையை அவிழ்த்தபடி.