புறாச் சூதும் பட்டத்து யானையும்

நீர்மங்கலத்து ராஜா மணிமுடிவர்மருக்குச் சூதாட்டம் என்றாலே ஆகாது. நாட்டில் எவனும் சூதாடக் கூடாது என்று சட்டம் போட்டு, முரசறைந்து ஊரெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு மேல்மாடத்துக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு சூதாடினார்.

தனியாக எப்படிச் சூதாடுவது என்று கேட்பீர்கள். புறா எதற்கு இருக்கிறது? ஆற்றின் நடுவில் தங்கராயன் என்றொருவன் பெரிய படகொன்றை நிறுத்தியிருந்தான். அங்கிருந்து வீட்டுக்கு வீடு புறா வரும். ஓர் எண்ணை ஓலையில் எழுதிப் புறாவின் காலில் கட்டி அனுப்பவேண்டியது. படகில் பகடை உருட்டி, எதிரே ஆடியவர் இன்னார் என்று ஒரு பெயரும் போட்டு, ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று பதில் அனுப்புவார்கள். பகடை உருள்வதை ஒருத்தரும் பார்த்ததில்லை. முதல் மூன்று ஆட்டம் இலவசம், மூன்றிலும் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். நாலாவதிலிருந்து சனி பிடிக்கும். ஓலையின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி நிபந்தனை வேறு இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

ராஜாவும் படிக்கவில்லை. முத்துமாலை போயிற்று. தங்கப் பல்லக்கு போயிற்று. விட்டதைப் பிடித்தே தீருவேன் என்று, பட்டத்து யானை பூங்காவனத்தையே பந்தயம் வைத்து, முத்திரை குத்தி அனுப்பினார். வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் புறா திரும்பி வந்தது. யானையும் போயிற்று.

மறுநாள் காலை யானைப்பாகன் காத்தமுத்து, ஏகம்பனிடம் ஓடிவந்தான். ஏகம்பன் சபையில் மனுக்களைப் படித்துக் காட்டுகிறவன். அவன் வாய்க்கு மந்திரிகளே பயப்படுவார்கள்.

"சாமி, குட்டியிலேருந்து நான் வளத்த புள்ள அது. இன்னிக்கு ஓட்டிட்டுப் போயிருவாங்களாம். நான் ஊட்டலேன்னா ஒரு கவளம் தொடாது சாமி!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ஏகம்பனுக்கு, ராஜாவை நாலு வாங்கு வாங்கினால் என்ன என்று தோன்றியது. ஆனால் இருப்பது ஒரு தலைதானே! பேசாமல் சபைக்குப் போனான்.

அங்கே தங்கராயன் பட்டு சரசரக்க, முத்திரை ஓலையோடு நின்றிருந்தான். "எங்கள் நாட்டில் சூது குற்றம், தெரியுமல்லவா?" என்றார் மந்திரி.

"முதலில், இது சூதே இல்லை. திறமை ஆட்டம்" என்றான் தங்கராயன்.

"யாருடைய திறமை?" என்று கேட்டான் ஏகம்பன்.

"இதுவரை எங்களுடையதுதான்" என்று பல்லைக் காட்டினான் அவன். "இரண்டாவது, ஆட்டம் நடந்தது என் படகில். படகு நிற்பது நடு ஆற்றில். அங்கே எந்த ராஜாவின் சட்டமும் செல்லாது."

ராஜா தம் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஏகம்பன் ஓலையை வாங்கிக் கண்ணருகில் வைத்து அடிவரியைப் படித்தான்.

"'வென்ற பொருள், ஆட்டம் நடந்த இடத்தில் மட்டுமே ஒப்படைக்கப்படும்.' உங்கள் நிபந்தனைதானே?"

"சாட்சாத் என் நிபந்தனை!"

ஜெயித்தவர்களை அலையவிடுவதற்காக அவன் எழுதிய வரி அது. அவர்கள் துடுப்புப் போட்டுப் போய்ச் சேர்வதற்குள் படகு அடுத்த வளைவுக்கு நகர்ந்திருக்கும்.

"ஆட்டம் நடந்தது படகில்?"

"படகில்தான், படகில்தான்! எத்தனை தடவை சொல்வது?"

"அப்படியானால் யானையைப் படகிலேயே ஏற்றிவிடுகிறோம். வாருங்கள்."

தங்கராயன் முகம் மாறியது. "எதற்கு வீண் சிரமம்? கரையிலேயே ஓட்டிக்கொள்கிறேனே!"

"கரை எங்கள் சட்டம் செல்லும் இடம். அங்கே கைமாறினால் சூது ஆகிவிடும். உங்களைக் குற்றவாளியாக்க எனக்கு மனசு வரவில்லை" என்றான் ஏகம்பன்.

ராஜாவோடு ஊரே ஆற்றங்கரையில் கூடிவிட்டது. தங்கராயன் முன்னால் ஓடி, ஒரு பரிசலில் போய்ப் படகில் ஏறிக்கொண்டான். பூங்காவனத்துக்குத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம். காத்தமுத்துவை முதுகில் வைத்துக்கொண்டு நீந்திப் போய், ஒரு முன்னங்காலைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்தது.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பகடை உருண்டது, புறாக்கூடு உருண்டது, கடைசியில் தங்கராயனின் மைத்துனனும் உருண்டு ஆற்றில் விழுந்தான். காசிப் பண்டிதர், ஈழத்து வணிகர் என்று எட்டுப் பெயரில் ராஜாவுக்கு எதிராக ஆடியவன் அந்த ஒரே ஆள்தான்.

"காத்தமுத்து, இன்னொரு காலையும் வைக்கச் சொல்!" என்று கரையிலிருந்து கத்தினான் ஏகம்பன்.

"ஐயோ, வேண்டாம்!" என்று தங்கராயன் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு அலறினான். "ஆட்டம் படகில் நடக்கவில்லை! ராஜா எண் எழுதியது அரண்மனையில், முத்திரை குத்தியது அரண்மனையில்! ஆட்டம் நடந்ததே அரண்மனையில்தான்!"

"எல்லாரும் கேட்டீர்களா?" என்றான் ஏகம்பன். "ஆட்டம் நம் நாட்டில் நடந்திருக்கிறது. நம் சட்டப்படி பந்தயம் செல்லாது. யானை நமக்கே. சூது நடத்திய படகும் பறிமுதல்!"

காத்தமுத்து யானையின் மத்தகத்தில் முகம் புதைத்துக்கொண்டு சிரித்தான், அழுதான். ராஜா தொந்தி குலுங்கச் சிரித்து, கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி ஏகம்பனுக்குப் போட்டார்.

"நன்றி அரசே" என்றான் ஏகம்பன். "இன்னும் ஒன்று பாக்கி. அதே சட்டப்படி, சூதாடியவர் நாற்பது நாள் யானைக் கொட்டில் கூட்டவேண்டும்."

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஏகம்பன் காதருகே குனிந்தார்.

"ஏகம்பா, ஆட்டம் படகிலேயே நடந்ததாக வைத்துக்கொள்ள முடியாதா?"

"அதற்கென்ன அரசே, தாராளமாக. பூங்காவனத்தை மறுபடி ஏறச் சொல்லட்டுமா?"