பளபளத்த கவ்வி

காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டிய ஓர் இரும்புப் பெட்டிக்குள், முன்னொரு நாள், ஒரு கவ்வி பிறந்துகொண்டிருந்தது.

பிறந்துகொண்டிருந்தது என்று சொன்னால் தவறில்லை. ஒரு தட்டின் மேல் உலோகப் பொடியை மாவு சலித்தது போல ஒரு படலம் பரப்புவார்கள். மேலேயிருந்து லேசர் இறங்கி, வேண்டிய இடத்தை மட்டும் உருக்கி ஒட்டவைக்கும். அதன் மேல் இன்னொரு படலம், இன்னொரு உருக்கல். கவ்விக்கு முதுகு முதலில் வந்தது. இரண்டு கால்கள் வர இன்னும் நேரம் இருந்தது. எல்லாம் முடிந்ததும், காகிதத்தில் குத்தும் ஸ்டேப்ளர் பின் போல இருக்கும்.

பொடியில் பாதி டைட்டேனியம், பாதி நிக்கல். நிக்கல் ஒரு சிட்டிகை கூட. அந்தச் சிட்டிகைக்கு ஒரு காரணம் இருந்தது. கவ்வியைப் பனி நீரில் வைத்துக் கால்களை அகட்டினால், அகட்டியபடியே நிற்கும். மனித உடம்பின் சூடு பட்டதும் பழைய வடிவம் நினைவுக்கு வந்து கால்கள் உள்ளே மடங்கும். நடுவில் உடைந்த எலும்பு இருந்தால் இறுக்கிச் சேர்த்துவிடும். அந்த நினைவு எந்தச் சூட்டில் வர வேண்டும் என்று முடிவு செய்வது நிக்கல்தான்; நிக்கல் குறைந்தால் நினைவு கூடுதல் சூடு கேட்கும்.

பெட்டிக்கு வெளியே மேலாளர் வைத்திலிங்கம் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா, நாளைக்கே வாங்க. யாருக்கு? பஸ் கண்டக்டரா? படியில வழுக்கிப் பாத எலும்பு ரெண்டாப் போச்சா, அடப் பாவமே! சுடலைமுத்துங்களா? அவரை ஓட வெச்சிடலாம்மா, கவலையே படாதீங்க."

கவ்விக்கு முதுகு சிலிர்த்தது. தனக்கென்று ஒரு எலும்பு, அதற்கு ஒரு சொந்தக்காரர், அவருக்கு ஒரு பெயர்! பிறந்து முடிவதற்குள் இப்படி ஒரு வேலை யாருக்குக் கிடைக்கும்?

வைத்திலிங்கம் செல்போனை வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். முகம் கோணியது. "என்னடா இது, சாம்பல்ல புரண்டு எழுந்த மாதிரி! பார்க்கிறவங்க கண்ணு கூச வேண்டாமா?" என்று லேசரின் சக்தியைக் கூட்டினார்.

"கேட்டாயா?" என்றது லேசர். "கண் கூச வேண்டுமாம். இத்தனை நாள் அளவாக எரி, அளவாக எரி என்று என்னைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நடத்தினார்கள். இப்போது பார்."

அடுத்த படலத்தில் உருகிய உலோகம் கொதித்தது. நிக்கல் அணுக்களில் சிலர் எழுந்து நின்றார்கள்.

"எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்றது கவ்வி.

"ஆவியாகப் போகிறோம். டைட்டேனியம் அண்ணன் எந்தச் சூட்டையும் தாங்குவார். எங்களுக்கு அந்த உடம்பு இல்லை."

"நீங்கள் போனால் என் நினைவு?"

"ஆயிரத்தில் நாலைந்து பேர்தானே போகிறோம். யார் தேடப் போகிறார்கள்?"

கவ்வி, பெட்டி முழுக்கக் காவல் நின்ற ஆர்கான் வாயுவைக் கூப்பிட்டது. "ஐயா, என் ஆட்கள் போகிறார்கள். கொஞ்சம் தடுங்கள்."

"வெளியே இருந்து ஆக்சிஜன் வந்தால் கூப்பிடு. உள்ளே விடமாட்டேன்," என்றது ஆர்கான். "உள்ளேயிருந்து போகிறவர்களைப் பற்றி எனக்கு உத்தரவு எதுவும் இல்லை." சொல்லிவிட்டு, கிளம்பியவர்களை மரியாதையாக வாசல் வரை வழியனுப்பியும் வைத்தது.

"போகிறவர்கள் போகட்டும், விடு," என்றது லேசர். "உன்னைப் பார். உன்னில் முகம் பார்த்துத் தலை வாரலாம்."

கவ்வி பார்த்தது. பொய் சொல்வானேன், அதற்கும் பிடித்துத்தான் இருந்தது. அதன் பிறகு யார் போனார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று அது கேட்கவில்லை.

மறுநாள் எலும்பு மருத்துவர் பிலோமினா வந்தார். வைத்திலிங்கம் கவ்வியை வெல்வெட் துணியில் வைத்து நீட்டினார்.

"அழகா இருக்கு சார். வேலை செய்யுமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க!"

பனி நீரில் கால்களை அகட்டினார்கள். பிறகு உடம்புச் சூட்டில் இருந்த தண்ணீரில் போட்டார்கள். கவ்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு நினைத்துப் பார்த்தது. மடங்க வேண்டும் என்பது தெரிந்தது. சுடலைமுத்துவின் பெயரும் தெரிந்தது. கால்கள்தான் அசையவில்லை.

"தூங்குது போல," என்றார் பிலோமினா.

"புதுசும்மா, கூச்சப்படுது." வைத்திலிங்கம் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். தண்ணீரில் வைத்த வெப்பமானி எழுபதைத் தொட்டதும் கவ்வியின் கால்கள் சடக்கென்று உள்ளே மடங்கின. "பார்த்தீங்களா! நினைவு எங்கேயும் போகலை. சூடுதான் கொஞ்சம் போதலை. கண்டக்டருக்கு லேசாக் காய்ச்சல் வந்தா சரியாப் போயிடும்ல?"

"எழுபது டிகிரி காய்ச்சலா சார்? அது வந்தா அவருக்குக் காலே தேவைப்படாதே."

பிலோமினா கைப்பையை எடுத்துக்கொண்டார். "பழையபடி தகடும் திருகாணியும் வெச்சு முடுக்கிக்கிறேன். பின்னாடி மறுபடி ஒரு தடவை அவர் காலைக் கிழிச்சுத் திருகாணியை எடுக்கணும். பரவாயில்லை, உங்க கவ்வி கேக்கிற காய்ச்சல் வர்ற வரைக்கும் அவரால காத்திருக்க முடியாது."

அவர் போனதும் வைத்திலிங்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தார். யோசித்து, வெந்நீர் வைக்க ஒரு மின்சாரக் கெண்டி வாங்கி வரச் சொன்னார்.

இப்போது அந்த நிறுவனத்தின் வரவேற்பறையில் கவ்விக்குத் தனி மேசை. விருந்தினர் வந்தால், தேநீருக்கு முன் கவ்வியின் கால்களை அகட்டி, அந்தக் கெண்டி வெந்நீரில் போட்டுக் காட்டுகிறார்கள். கவ்வி சடக்கென்று மூடிக்கொள்கிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். அதன் கால்களுக்கு நடுவே இருக்கும் வெந்நீரைப் போல இறுக்கமாகப் பிடிக்கப்பட்ட வெந்நீர் உலகத்திலேயே இல்லை.

அப்படிக் கை தட்டி ஓய்ந்த ஒரு நாள், பக்கத்து அறையில் அடுத்த கவ்விக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த லேசரைக் கவ்வி மெல்லக் கூப்பிட்டது.

"அண்ணா, அந்தக் கண்டக்டர் கால் என்ன ஆயிற்று?"

"எந்தக் கண்டக்டர்?" என்றது லேசர்.