இல்லாத கோடு

நெடுங்கரை மதியழகு அச்சகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாளி பூபாலன், கம்ப்யூட்டரில் டிசைன் போடும் கந்தவேல், மிஷின் ஓட்டும் சூசை. மூவருக்கும் புத்தி உண்டு. ஆனால் மூவரின் புத்தியும் ஒரே நாளில் லீவு போட்டுவிடும்.

பூபாலனுக்கு வயது முப்பத்தாறு. சேவுக்கடை ஆவுடையப்பன் மகள் செண்பகவல்லியைப் பெண் கேட்டு மூன்று வருஷமாக நடையாய் நடந்தான். ஒருநாள் ஆவுடையப்பனே மகளோடு அச்சகத்துக்கு வந்தார். தன் கடைப் பலகாரப் பெட்டி மேல் சுற்றும் தாளுக்குப் போட்ட சிவப்பு மாங்காய் டிசைனைக் கம்ப்யூட்டரில் பார்த்தார்.

"தம்பி, முந்நூறு தாள் வேணும். இங்க தெரியறது அப்படியே வரணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சொன்னபடி செஞ்சா வெள்ளிக்கிழமையே தட்டு மாத்திக்கிடுவோம். இல்லேன்னா கோவில்பட்டி வரன் காத்துக்கிட்டிருக்கு."

பூபாலனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அடித்தார்கள். பூபாலன் தாளைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒரே மாங்காய்க் கட்டத்தைப் பக்கம் பக்கமாக அடுக்கிய டிசைன் அது. கட்டமும் கட்டமும் சேரும் இடத்தில் கம்ப்யூட்டரில் மயிரிழையாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. தாளில் அது இல்லை.

"கோட்டை எங்கடா விட்டே?" என்று சூசையைப் பிடித்தான்.

"நான் தொடவே இல்லைண்ணே. மிஷினுக்கு அடியில தேடுறேன்."

தேடினான். ஒரு ஸ்குரூ கிடைத்தது.

கந்தவேலுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மதுரை வாத்தியாருக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டரில் ஒரு கோடு தெரிகிறது என்றார்கள். "படத்தைப் பெருசாக்கிப் பாருங்க, கோடு போயிரும்" என்றார். பெரிதாக்கினார்கள். போயேவிட்டது.

"அடப்பாவி, இருந்த கோட்டையும் தொலைச்சிட்டியே!" என்று அலறினான் பூபாலன். கந்தவேல் பழையபடி சிறிதாக்கினான். கோடு திரும்பி வந்தது. மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மறுபடி போன். "அது இல்லாத கோடுய்யா! கண்ணுக்குத்தான் தெரியுது!" என்றார் வாத்தியார்.

"இல்லாத கோட்டை எந்த மையில அடிக்கிறது?" என்று சூசை கேட்டான்.

"மை எதுக்கு? இல்லாததுதானே. சும்மா விட்டாலே வரணும்" என்றான் கந்தவேல்.

"சும்மாதானே விட்டோம், வரலியே."

பூபாலன் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "நாம விட்டது பத்தலை போல."

மூன்றாவது போனுக்கு வாத்தியார் பொறுமை இழந்தார். "மாங்காய்க்குப் பின்னாடி முழுசா அதே சிவப்பைப் போடுங்க, சரியாயிரும்!" அவர் சொன்னது கம்ப்யூட்டர் படத்துக்கு; இவர்கள் முந்நூறு தாளையும் திருப்பிப் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு அடித்தார்கள். கோடு வரவில்லை. கைதான் சிவந்தது.

கடைசியில் பூபாலன் ஸ்கேலும் ஊசியும் எடுத்து உட்கார்ந்தான். மாங்காய்க்கு மாங்காய் மையைச் சுரண்டி வெள்ளைக் கோடு இழுத்தான். மூன்று நாள். கடைசித் தாள் முடிந்தபோது பாவம், அவனுக்கு விரல் மடங்கவில்லை. ஆனாலும் சந்தோஷம் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவும் மகளும் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். ஆவுடையப்பன் கண்ணாடியை மாட்டி, தாளையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாங்காய் இருக்கு, கோடு இருக்கு. அந்த அம்பு எங்க தம்பி?"

"எந்த அம்பு மாமா?"

"அன்னைக்கு மவுசைத் தள்ளத் தள்ள, படத்து மேல வெள்ளையா ஒரு அம்பு ஓடுச்சே!"

பூபாலன் கண்ணுக்குள் கோவில்பட்டி வரன் மாலையோடு வந்து நின்றான். ஆனால் காதல் யாரைத்தான் சும்மா விடுகிறது?

"அது ஒரு இடத்துல நிக்காது மாமா. நீங்க பார்த்தப்போ எங்க நின்னுச்சு?"

"முதல்ல மூணாவது மாங்காய் மேல. கிளம்பும்போது மூலையில."

"அப்ப பாதித் தாளுக்கு மாங்காய் மேல, பாதிக்கு மூலையில வரைஞ்சிருவோம்."

ஆவுடையப்பன் முகம் மலர்ந்தது. "விவரமான பிள்ளை! தட்டை எடும்மா."

செண்பகவல்லி எடுக்கவில்லை. "இருங்கப்பா. நடுவுல கொஞ்ச நேரம் அம்பு வட்டமாகிச் சுத்துச்சு, நான் பார்த்தேன். அதை விட்டா எப்படிச் சொன்னபடி ஆகும்?"

இப்படி ஒருத்தி தனக்காகவே பிறந்திருக்கிறாளே என்று பூபாலனுக்குக் கண் கலங்கிவிட்டது. சூசை காம்பஸ் எடுக்க ஓடினான்.

"வட்டம் போட்டிரலாம். ஆனா அது சுத்தணுமே, யார் சுத்துறது?" என்று கந்தவேல் கவலைப்பட்டான்.

"மாப்பிள்ளை எதுக்கு இருக்காரு?" என்றார் ஆவுடையப்பன்.

இன்றும் மாமனார் கடையில் சேவு வாங்கினால், பூபாலன் பெட்டியைக் கையில் ஏந்தி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கொடுப்பான். செண்பகவல்லி பக்கத்தில் நின்று எண்ணுவாள்.