ஓரம் கடிக்காத தட்டு

"டீச்சர், ஓரம் கடிக்காத தட்டு ஒண்ணு எனக்கு வேணும். நீங்கதான் வரைஞ்சு தரணும்."

தொம்மை இப்படிக் கேட்டுக்கொண்டு ஜமீலாவின் பட்டறை வாசலில் நின்றார். மழை பெய்துகொண்டிருந்தது. அவர் குடை கொண்டு வரவில்லை.

தூத்துக்குடியில் மீன் வெட்டும் கத்தி செய்கிறவர் தொம்மை. ஐம்பது வயது. சந்தையில் மீன் வெட்டும் பெண்களில் பாதிப்பேர் கையில் அவர் செய்த கத்திதான் இருந்தது.

ஜமீலா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுத்தவர். இப்போது சொந்தப் பட்டறை. இரும்பை மயிரிழை பிசகாமல் மட்டமாக்கிக் கொடுப்பார். ஊரில் ஸ்பேனர் பிடிக்கிற எல்லோருக்கும் அவர் டீச்சர்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

கத்தி தீட்டும் இயந்திரத்தில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பான பெல்ட் ஒன்று ஓடும். பெல்ட்டின் முதுகை ஒட்டி ஓர் இரும்புத் தட்டு அசையாமல் நிற்கும். கத்தியை வைத்து அழுத்தும்போது தாங்கிக்கொள்வது அந்தத் தட்டுதான். அதன் வடிவம் அப்படியே கத்தியில் இறங்கும்.

தொம்மையின் தட்டுக்கு ஓரம் கூர்மை. கைப்பிடிக்குப் பக்கத்தில் தீட்டும்போது அந்த ஓரம் அலகின் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டது. கத்தி அந்தக் கோட்டில் ஒடிந்தது.

ஒடிந்தபோது அது சந்தையில் மீன் வெட்டும் லூர்தம்மாள் கையில் இருந்தது.

பெரிய பாறை மீன். அதன் தலையைப் பிளக்க ஓங்கி வெட்டியிருக்கிறார். அலகு எலும்பில் குத்திட்டு நின்றுவிட, கைப்பிடி மட்டும் கையோடு முறிந்து வந்தது. வந்த வேகத்தில் கை அந்த அலகின் மேலேயே இறங்கியது.

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

எட்டு மாதம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து தொம்மை இயந்திரத்தை ஓட்டவில்லை.

ஜமீலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கத்தி உங்கள் தொழில், தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே வரைந்து கொண்டு வாருங்கள் என்றார்.

நான்கு நாள் கழித்துத் தொம்மை வந்தார். கட்டம் போட்ட நோட்டுத்தாளில் பென்சிலால் வரைந்திருந்தார். தட்டு பெல்ட்டைவிடச் சற்றுக் குறுகல். பெல்ட்டின் விளிம்பு இருபுறமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, மெத்தென்று வளைந்து கொடுக்கும். இரும்பு ஓரம் கத்தியைத் தொடவே தொடாது.

ஜமீலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்ல தட்டு."

"செய்யலாமா டீச்சர்?"

"செய்யுங்க."

தொம்மை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். செய்யவில்லை.

அடுத்த வாரம் வேறொரு தாளோடு வந்தார். இரும்பு நாளாக ஆக நடுவில் குழிந்துவிடும் என்றார். அதனால் இண்டக்‌ஷன் அடுப்பின் மேல்கண்ணாடியை அளவாக வெட்டித் தட்டின் முகத்தில் ஒட்ட வேண்டும். கண்ணாடி தேயாது, சூட்டையும் தாங்கும். ஓரத்தை நெல்முனை அளவுக்கு உருட்டிவிடலாம்.

ஜமீலா பார்த்தார்.

"இதுவும் நல்ல தட்டுதான் அண்ணாச்சி. செய்யுங்க."

அதையும் அவர் செய்யவில்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள் கிடந்தன. சோற்றுத் தட்டுகளை எங்கே வைப்பது என்று அவர் மனைவி பிலோமினா இரண்டு முறை கேட்டார். பிறகு தரையிலேயே பரிமாறினார். சந்தைப் பெண்கள் வேறு ஊர்க் கத்தி வாங்க ஆரம்பித்துவிட்டதாக ஒருநாள் சொன்னார். மிஷின் எப்போது ஓடும் என்று கேட்டார். தட்டு முடியட்டும் என்றார் தொம்மை. 

மழை விடவில்லை. உப்பளங்களில் தண்ணீர் தேங்கி, ஊருக்கு வெளியே எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தது.

மூன்றாவது தாள் பெரியது. தட்டின் முகம் கண்ணுக்குத் தெரியாத அளவு நடுவில் புடைத்து, ஓரங்களை நோக்கிச் சரிந்தது. முதுகில் தண்ணீர் ஓட ஒரு தடம். சாய்வை மாற்ற இரண்டு திருகுகள். ஒவ்வொரு அளவையும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

ஜமீலா வெகுநேரம் பார்த்தார். ஒரு திருகின் தலை பெல்ட்டில் உரசும் என்று காட்டி, அதை உள்ளே புதைக்கச் சொன்னார். மற்றபடி குறையே இல்லை என்றார். தன் சர்வீசில் இப்படி ஒரு தட்டை யாரும் வரைந்து பார்த்ததில்லை என்றார்.

தொம்மையின் முகம் தெளியவில்லை.

"இதுலயும் எங்கயாவது ஒரு இடம் இருக்கும் டீச்சர். நம்ம கண்ணுக்குப் படாம."

ஜமீலா தாளை மடித்து அவரிடம் நீட்டினார்.

நான்காவது தாளோடு அவர் வந்தபோது ஜமீலா அதை வாங்கிப் பிரிக்காமல் மேசையில் வைத்தார். பழைய தட்டைக் கழற்றிக் கொண்டு வரச் சொன்னார். எதற்கு என்று தொம்மை கேட்டார். கொண்டு வாருங்கள் என்றார்.

தொம்மை வீட்டுக்குப் போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். எட்டு மாதத் துரு அதில் ஏறியிருந்தது.

ஜமீலா இரண்டு டீ சொன்னார். தட்டை வைஸ் இடுக்கியில் இறுக்கினார். அரத்தை எடுத்து ஓர் ஓரத்தில் பத்து இழுப்பு. மறு ஓரத்தில் பத்து. பிறகு எண்ணெய்க் கல்லால் தேய்த்து, துணியால் துடைத்து, கட்டைவிரலை ஓரத்தின் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு நீட்டினார்.

டீ இன்னும் ஆறவில்லை.

"இனிமே கடிக்காது."

தொம்மை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது எனக்குத் தெரியும் டீச்சர்."

"எப்ப இருந்து?"

"தொழில் படிச்ச நாள்ல இருந்து."

இந்தத் தட்டைப் புதிதாக மாட்டிய அன்று அவசரம் என்றார். கோயில் திருவிழா நேரம், பன்னிரண்டு கத்தி கேட்டிருந்தார்கள். ஓரத்தைப் பிறகு தேய்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன் என்றார்.

ஜமீலா டீயைக் குடித்து முடித்தார்.

"ஒடிஞ்ச கத்தி எங்க இருக்கு?"

வீட்டில்தான் இருக்கிறது என்றார் தொம்மை. அன்று சந்தையில் எல்லோரும் லூர்தம்மாளைச் சுற்றி நின்றபோது, இரண்டு துண்டையும் அவர்தான் பொறுக்கிச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். யாரும் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் காட்டவில்லை.

"நாளைக்குக் கொண்டு வாங்க."

மறுநாள் காலையில் கொண்டு வந்தார். ஜமீலா இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் வைத்தார். அலகு சுத்தமாக இருந்தது. கைப்பிடியின் வாயில் ஒரு பித்தளைப் பூண். முறிவு அந்தப் பூணுக்குள்ளே இருந்தது.

"பூணைக் கழட்டுங்க."

தொம்மை கழற்றவில்லை.

 வெளியே ஒரு லாரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. ஜமீலா சுத்தியலையும் சின்ன உளியையும் எடுத்துத் தொம்மையின் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

தொம்மை தட்டினார். நான்காவது அடியில் பூண் நகர்ந்து கழன்றது. அதற்கடியில், முறிந்த இடத்தின் விளிம்போடு, அந்தக் கோட்டின் பாதி இருந்தது. நகம் பதியும் ஆழம்.

"பூணை எப்பவும் இவ்வளவு முன்னாலதான் ஏத்துவீங்களா அண்ணாச்சி?"

"இல்ல."

தொம்மை கைப்பிடியில் விரலை வைத்துக் காட்டினார்.

"அரை இஞ்ச் பின்னாலதான் வைப்பேன்."

ஜமீலா பூணை எடுத்துத் துண்டுகளின் பக்கத்தில் வைத்தார்.

"கோடு விழுந்தத அப்பவே பார்த்தேன் டீச்சர். அது பன்னெண்டாவது கத்தி. லூர்தம்மாள் அக்கா வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. தாங்கும்னு நினைச்சேன்."

ஜமீலா எழுந்தார். மேசையில் பிரிக்காமல் கிடந்த நான்காவது தாளை விரித்தார். ஒடிந்த துண்டுகள் இரண்டையும் பூணையும் அதில் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, தொம்மையின் கையில் கொடுத்தார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு தன் இயந்திரத்தைப் போட்டார்.

அந்தச் சத்தத்தில் பேச முடியாது.

தொம்மை தூறலில் தெருவில் இறங்கினார். வீட்டுக்குப் போகும் திருப்பத்தில் சிறிது நேரம் நின்றார். பிறகு கடற்கரைப் பக்கம் நடந்தார்.

லூர்தம்மாள் வீட்டுக்கு அவர் இந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூடப் போனதில்லை.

லூர்தம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இடது கையால்தான் உரித்தார். அது அவருக்கு இன்னும் பழகவில்லை. தொம்மையைப் பார்த்ததும் முறத்தை நகர்த்திவிட்டு இடம் விட்டார். பிலோமினா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். இவ்வளவு இளைத்துவிட்டாயே என்றார்.

தொம்மை பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்.

"உன்னப் பார்க்கவே எனக்குச் சங்கடமா இருந்துச்சுய்யா. நல்ல கத்தி. என் கையால ஒடிச்சுட்டேன்."

தொம்மை படியில் உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரிக்க அவருக்கு நேரம் பிடித்தது. நூல் நனைந்து இறுகியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னார். தட்டின் ஓரம், கோடு, அதைப் பார்த்தது, பூணை முன்னால் ஏற்றி மறைத்தது, அன்று சந்தையில் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனது. எதையும் விடவில்லை. சொல்லும்போது லூர்தம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெங்காயத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லூர்தம்மாள் கைப்பிடித் துண்டை வாங்கினார். கோடு இருந்த இடத்தை நகத்தால் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார்.

வசவு வரும் என்று தொம்மை காத்திருந்தார். வரவில்லை.

லூர்தம்மாள் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். வயதாகிவிட்டது, கை தவறிவிட்டது என்றுதான் சந்தையில் எல்லோரும் சொன்னார்கள். அவர் மகனும் அதையே சொன்னான். எலும்பின் மேல் கோணலாகப் போட்டிருப்பேன் என்று அவரும் நம்பினார். முப்பது வருடமாக உட்கார்ந்த இடத்தையும் வெட்டுக்கட்டையையும் இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டார். மூன்று விரல் இருக்கிறதே, பிடித்துப் பார் என்று டாக்டர் சொன்னபோதுகூட அவர் கத்தியைத் தொடவில்லை. தப்பு செய்த கைக்கு எதற்குக் கத்தி என்று இருந்துவிட்டார்.

மழை மறுபடி பிடித்தது. இருவரும் உள்ளே போகவில்லை.

"தொம்மை."

"அக்கா."

"அப்ப நான் சரியாத்தான வெட்டினேன்?"

"சரியாத்தான் வெட்டினீங்க."

லூர்தம்மாள் துண்டைக் கீழே வைத்தார். வலது கையை மடியில் எடுத்து வைத்து, மடங்காத அந்த இரண்டு விரல்களையும் இடது கையால் மூடிக்கொண்டார்.

"இந்தக் கைய என்னெல்லாம் திட்டிட்டேன்" என்றார்.