கால் எரியுது

“சாமி, இந்த இடத்துல ஃபுட்னு போடவா, லெக்னு போடவா?”

கேட்டவர் தெய்வநாயகம். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். குகைச்சாமியைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். சாமியின் அருளுரைகளை ஆங்கிலத்தில் கொண்டுவரும் பொறுப்பை மடம் அவரிடம் கொடுத்திருந்தது. வெளிநாட்டு பக்தர்கள் காத்துக்கிடக்கிறார்களாம்.

“எந்த இடத்துல?”

“‘கால் எரியுது’ன்னு அருளினீங்களே, அதுல.”

தெய்வநாயகமே விளக்கினார்.

“நாம பாதத்தையும் கால்னுதான் சொல்றோம், முழங்காலுக்கு மேலேயும் கால்னுதான் சொல்றோம். இங்கிலீஷ்ல அப்படிப் பொதுவா விட்டுட முடியாது சாமி. கணுக்காலுக்குக் கீழே ஒண்ணு, மேலே ஒண்ணு. ஃபுட்னா பணிவு வருது. லெக்னா பயணம் வருது. இதை நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே இல்லை.”

“எனக்கும்தான்” என்றார் சாமி.

தெய்வநாயகம் பரவசமாகக் கைகூப்பினார்.

“எந்த அத்தியாயத்துல வச்சிருக்கீங்க?”

“‘ஆன்ம யாத்திரையின் துன்பங்கள்.’ முதல் வரியே அதுதான் சாமி.”

சாமி சிரித்தார். அது பிரியமான சிரிப்பில்லை.

அந்த மடத்தில் தினமும் காலையில் சாமிக்குப் பாதபூஜை. முதலில் பால், பிறகு தேன், அப்புறம் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் பூ. பூவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் தொடுவார்கள். திறந்துகொண்டு தொட்டால் பக்தி போதவில்லை என்று பேசுவார்கள்.

சாமி பூவைத் தள்ளினார். தோளில் கிடந்த துண்டைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, வலது பாதத்தில் இருந்த சந்தனத்தைத் துடைத்தார்.

இரண்டு விரல்கள் கருத்துப் போயிருந்தன. அடியில் ஆழமான புண். சந்தனமும் ஊதுவத்தியும் அத்தனை நாளாய் அமுக்கி வைத்திருந்த நாற்றம் வெளியே வந்தது.

“ஐயோ சாமி! ஏன் சொல்லலை?”

“சொன்னேன். நீங்க மொழிபெயர்த்தீங்க.”

“நான்... அது தத்துவம்னு...”

“டாக்டர்கிட்ட போகக் கார் கேட்டேன். சாமி யாத்திரை கிளம்புறார்னு மாலை வாங்கிட்டு வந்தாங்க. எனக்குச் சர்க்கரை வியாதின்னேன். எல்லாம் சாமியோட லீலைன்னு சொல்லி, கையில சர்க்கரைப் பொங்கலைக் குடுத்தாங்க.”

தெய்வநாயகம் அழுதார். சும்மா சொல்லக் கூடாது, மனசாரத்தான் அழுதார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மருத்துவர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஆரம்பத்துலேயே வந்திருந்தா விரலோட போயிருக்கும். இவ்வளவு பேர் கூட இருந்து என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

கூட வந்த பக்தர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூஜை பண்ணிக்கொண்டிருந்தோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் சாமி கண் விழித்தபோது, தெய்வநாயகம் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவரால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

“என்னை மன்னிச்சிடுங்க சாமி. பெரிய பாவம் பண்ணிட்டேன். இனிமே நீங்க ஒரு வார்த்தை சொன்னாலும் கவனமாக் கேப்பேன்.”

சாமி உலர்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

“தாகமா இருக்கு.”

தெய்வநாயகத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எவ்வளவு பெரிய வார்த்தை! கண்ணை மூடிக்கொண்டார். கை தானாகவே சட்டைப் பையில் பேனாவைத் தேடியது.

பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி எழுந்து வந்து, சாமிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.