முதல் தடம்

தோப்பு முதலாளி சென்னியப்பனுக்குப் பங்களாவுக்குப் போகும் சரளைப் பாதை மேல் அப்படியொரு பித்து. தேங்காய் உரிக்க வரும் பெண்கள் அதில் கால் வைக்கக் கூடாதாம்! முள்ளுக்குள் சுற்றித்தான் வர வேண்டுமாம். காலில் முள் ஏறி ஒருத்தி நொண்டினாள், அவருக்கென்ன போச்சு?

சம்பந்தியோடு காரில் கிளம்பும்போது கத்தினார்: "ராமாத்தா, பாதையை நிரவி வை. அப்புறம் முதல் தடம் போடறது யாரா இருந்தாலும் தோப்பை விட்டே போயிரணும்!"

டிராக்டர்காரி ராமாத்தா, பின்னால் மாட்டிய, மண் நிரவும் பெட்டி பிளேடால் தன் சக்கரத் தடத்தையும் அழித்துக்கொண்டே பங்களாவிலிருந்து கேட் வரை சரளையை நிரவி வந்து வெளியே நின்றாள்.

திரும்பி வந்த முதலாளியின் கார் விர்ரென்று உள்ளே போயிற்று. சரளையில் பளிச்சென்று இரண்டு கோடு.

பெண்கள் பார்த்திருக்க, சம்பந்தி காதிலும் விழும்படி ராமாத்தா கேட் பக்கமிருந்தே உரக்கக் கேட்டாள்: "ஏனுங்க முதலாளி, உங்க மூட்டை முடிச்சை டிராக்டர்லயே ஏத்திரலாங்களா?"